மழைக்கு ஒதுங்கிய வகுப்பு

போன மாதம் திருச்சியிலிருந்து அண்ணன் மகன் பேசினான். பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் தேர்வுக்குப் படித்தாயா என்று கேட்டேன். "கோர் பேப்பர் எல்லாம் முடிச்சிட்டேன் அத்தை. மிச்சம் பார்ட் ஃபோர்தானே, முதல் நாள் ராத்திரி பாத்துக்கலாம்" என்றான். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் கோரும் அதற்குத் துணையான அலைடும், பார்ட் ஃபோரில் சுற்றுச்சூழலும் வேல்யூ எஜுகேஷனும். நான் படித்த காலத்தில் பார்ட் ஃபோர் கிடையாது. மற்றபடி எங்கள் நினைப்பும் இதேதான். நம் ஊரில் கோர் என்றால் அவரவர் துறைப் பாடம். அதுதான் படிப்பு, மற்றதெல்லாம் ஓரத்தில் கிடப்பது.

அதே வாரம் இங்கே என் அறைக்கு ஒரு முதலாண்டு மாணவி வந்தாள். செவிலியர் படிப்பு. அடுத்த பருவத்துக்கான பாடங்களை அவளோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், அது என் வேலையில் ஒரு பகுதி. பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "இந்த கோர் பாடங்களை எல்லாம் கோடை விடுமுறையில் எங்கள் ஊரிலேயே வேறு ஒரு கல்லூரியில் எடுத்துத் தள்ளிவிடலாமா? அப்புறம் என் படிப்பை நிம்மதியாகப் பார்ப்பேன்." அவள் சொன்ன கோர் இறையியல் இரண்டு, மெய்யியல் இரண்டு, வரலாறு, இலக்கியம். அவளுடைய துறைக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாதவை.

ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு நேர்மாறான பொருள். அங்கே எதைப் படிக்கச் சேர்ந்தாயோ அது கோர். இங்கே நீ எதைப் படிக்கச் சேர்ந்திருந்தாலும் எல்லோரும் படித்தாக வேண்டியது கோர். ஆனால் இரண்டு பிள்ளைகளும் எந்தப் பக்கத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் அது ஒரே பக்கம்தான். இரண்டு நாள் இது மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆசிரியை. பத்தொன்பது வருடமாக இங்கேதான் இருக்கிறேன். பிறந்தது சைவக் குடும்பத்தில், இன்றும் என் வீட்டுப் பூஜை அலமாரியில் திருநீற்றுக் கிண்ணம் இருக்கிறது. வேலை கிடைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, உன்னை வேதத்துல சேக்கப் பாப்பாங்களா?" என்பது. இல்லை, யாரும் கேட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் வேறொன்று கேட்டார்கள். கோர் பாடத்திட்டத்தைத் திருத்தியமைக்கும் குழுவில் உட்கார முடியுமா என்று கேட்டார்கள்.

குழு என்றதும் நான் என் துறையின் ஆளாகத்தான் உள்ளே போனேன். எல்லோருமே அப்படித்தான் வந்திருந்தார்கள். பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். பொறியியல், செவிலியம் போன்ற துறைகளுக்கு வெளியிலிருந்து அங்கீகாரம் தரும் அமைப்புகளின் கட்டாயங்கள் உண்டு, அவை போக மிஞ்சும் இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்துவைத்து, பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த அண்ணன் தம்பிகளைப் போல இரண்டு பருவம் பேசினோம். என் யோசனை இதுதான்: இறையியலில் இரண்டாவது பாடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தரவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு பாடம் வைக்கலாம். தேர்தல் கணிப்பும் மருந்துச் சோதனை முடிவும் புரியாமல் ஒரு குடிமகன் எப்படி இந்தக் காலத்தில் வாழ்வது? இன்றும் அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்று சொல்ல, என் கல்லூரிக்குப் போக வேண்டும்.

நான் படித்தது தமிழ்நாட்டில் சிஸ்டர்கள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரி. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் மதத்தைப் படிக்கும் ஞானோபதேச வகுப்புக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு நீதி போதனை. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட தோழி அந்த மணி அடித்ததும் எழுந்து தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்விடுவாள். எங்களுக்கு ஒரு மெல்லிய புத்தகம். உண்மை பேசு, பெரியோரை மதி, நேரத்தை வீணாக்காதே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் மூன்று கேள்வியும். யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த மதத்துப் பிள்ளைகள் மேல் தங்கள் மதத்தைத் திணிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் தானாக நடந்துவிட்டது. கடவுளைப் பற்றிய பேச்சு அவர்களுடைய சொந்த விவகாரமாயிற்று. எங்களுக்கு மிஞ்சியது ஒழுக்கம். கேள்வி இரண்டு அறையிலும் இல்லை.

ஒரே ஒரு முறை அது மாறியது. கார்த்திகை மாதம், நல்ல அடைமழை. எங்களுடையது பழைய ஓட்டுக் கட்டடம். ஞானோபதேசம் நடக்கும் அறையில் ஒழுகி, பெஞ்சு எல்லாம் நனைந்துபோய், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிஸ்டர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். பெஞ்சுக்கு ஐந்து பேராக நெருக்கி உட்கார்ந்தோம். அவர் கையில் பைபிள் இருந்தது, அன்றைக்கு யோபு என்ற நல்ல மனிதரின் கதை. ஒரு நிமிடம் எங்களைப் பார்த்து யோசித்தார். பிறகு எல்லோருக்குமாகவே சொல்ல ஆரம்பித்தார். மாடு ஆடு போச்சு, பிள்ளைகள் போச்சு, உடம்பெல்லாம் புண். யோபு சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் சுரண்டிக்கொள்கிறார். பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "போன ஜென்மத்து வினையா இருக்கும் சிஸ்டர்" என்றாள். தமிழ் இலக்கியம் படித்த ஒரு அக்கா எழுந்து பூங்குன்றனாரைச் சொன்னார். நல்லதும் கெட்டதும் அடுத்தவர் தந்து வருவதில்லை என்கிற வரி. அது யோபுவின் கட்சியா, சிநேகிதர்களின் கட்சியா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பியது. அப்போது என் தோழி கேட்டாள், அந்த வருடம்தான் அவள் அப்பா லாரி மோதி இறந்திருந்தார்: "அப்ப எங்கப்பா என்ன தப்பு பண்ணாரு சிஸ்டர்?"

ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. சிஸ்டர் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு, "அந்த சிநேகிதங்க மாதிரி நான் பதில் சொல்லக்கூடாதும்மா. கடைசியில கடவுள் கோபப்படுறது அவங்க மேலதான்" என்றார். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்குள் ஓடு மாற்றிவிட்டார்கள். அவர்கள் அந்த அறைக்குப் போனார்கள், எங்களுக்கு நேரத்தின் அருமை.

இந்த அனுபவத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவளுக்கு, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் இறையியல் பாடம் என்றால் ஞானோபதேசம்தான் நினைவுக்கு வரும். அதைக் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைக்கும் கட்டாயமாக்குவது நியாயமா என்ற சங்கடமும் சேர்ந்தே வரும். குழுவில் என்னைப் போலவே நினைத்தவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். பழைய ஆவணங்களைப் படிக்கச் சொல்லி ஒரு கட்டு கொடுத்தார்கள். இந்தக் கோர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அதில்தான் தெரிந்தது.

வேர் 16ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையினர் (ஜெசூட்டுகள்) சிசிலியின் மெசினா நகரில் 1548இல் கல்லூரி திறந்தார்கள், 1551இல் உரோமையில். ஐம்பது வருட அனுபவத்தைத் திரட்டி 1599இல் ராத்தியோ ஸ்டுடியோரும் என்ற பாடமுறையை வெளியிட்டார்கள். இலக்கணம், இலக்கியம், சொல்வன்மை, பிறகு மெய்யியல், அதற்கு மேல் இறையியல் என்று படிப்படியாக ஏறும் ஒழுங்கு அது. நம் வீரமாமுனிவர் அந்தப் பாடமுறையில் வளர்ந்தவர்தான். சதுரகராதியை நாலு பகுதியாக வகுத்த கைக்குப் பின்னால் அந்த இலக்கணப் பயிற்சி இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அமெரிக்காவில் இந்த ஒழுங்கின் மேல் பெரிய அடி 1899இல் விழுந்தது. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட், மாணவன் தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். இயேசு சபைக் கல்லூரிகள் நானூறு வருடமாக மாறாத பாடத்தையே ஓட்டிக்கொண்டிருக்கின்றன என்று அவர் ஒரு மாத இதழில் எழுதினார். அந்தச் சபையின் பாஸ்டன் கல்லூரியின் முன்னாள் தலைவர் திமோத்தி பிராஸ்னஹன் என்ற குரு மறுப்பு எழுதினார். அந்த இதழ் அதைப் போட மறுக்க, வேறு இடத்தில் அச்சேறியது. எங்கள் பாடங்கள் மாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன என்று காட்டிவிட்டு அவர் கேட்டதன் சாரம் இது: படித்து முடித்தவன் எப்படிப்பட்ட மனிதனாக வெளியே வர வேண்டும் என்று கல்லூரிக்கே ஒரு கருத்து இல்லாவிட்டால், அதைப் பதினெட்டு வயதுப் பையன் எங்கிருந்து கொண்டுவருவான்? எனக்கு இரண்டு பேர் வாதத்திலும் உண்மை தெரிகிறது. எலியட் ஜெயித்துவிட்டார் என்பதும் தெரிகிறது. இன்றைக்கு என் மாணவி கையில் வைத்திருக்கும் பாடப் பட்டியல் அவர் விட்டுப்போனதுதான்.

அந்தக் கட்டில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு தகவல். ஒரு நூற்றாண்டு முன்னால் வரை கத்தோலிக்க உலகத்திலும் இறையியல் என்பது குருமாணவர்களின் படிப்பு. பெண்ணுக்கு அங்கே இடம் கிடையாது. இந்தியானாவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள செயின்ட் மேரிஸ் பெண்கள் கல்லூரியின் தலைவராக இருந்த சிஸ்டர் மடலீவா, கவிஞர். பெண்கள் இறையியலில் மேற்பட்டம் படிக்க ஓர் இடம் தேடிப் பார்த்து, எங்கும் இல்லை என்றதும், 1943இல் தன் கல்லூரியிலேயே அதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இதைப் படித்தபோது தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போன தோழி நினைவுக்கு வந்தாள். அவளுக்கும்கூட அங்கே கிடைத்தது மனப்பாடம்தான். இறையியல் அவளுக்கும் கொடுக்கப்படவில்லை.

என் இறையியல் துறை நண்பர், குழுவில் எனக்கு எதிரே உட்கார்பவர், ஒருநாள் கூட்டம் முடிந்ததும் சொன்னார்: "நீங்கள் வெட்டச் சொல்கிற வகுப்பில் ஒரு பருவம் வந்து உட்காருங்கள். அப்புறம் வெட்டலாம்." போனேன். செவ்வாய், வியாழன், காலை ஒன்பதரை. இருபத்திரண்டு மாணவர்கள். அவர்களில் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். மற்றவர்களில் சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டன்ட்), எந்த மதமும் இல்லாதவர்கள், ஒரு சோமாலிய முஸ்லிம் மாணவி.

மூன்றாவது வாரம் புனித அகுஸ்தினார் பேரிக்காய் திருடிய கதை. பதினாறு வயது, வட ஆப்பிரிக்காவில் ஒரு சிறு ஊர். இரவில் கூட்டாளிகளோடு போய் பக்கத்துத் தோட்டத்து மரத்தை உலுக்கிக் கூடை கூடையாகக் காய்களை அள்ளி, பன்றிகளுக்கு வீசிவிடுகிறார்கள். பசி இல்லை. அதைவிட நல்ல காய் அவர் வீட்டிலேயே இருந்தது. கொலையோ கொள்ளையோ இல்லாத இந்தச் சின்னத் திருட்டை, நாற்பது வயதைத் தாண்டி ஒரு பிஷப்பாக இருக்கும்போது எடுத்துவைத்துக்கொண்டு, ஏன் செய்தேன், ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாகக் குடைகிறார்.

நிதியியல் படிக்கும் ஒரு பையன் கை தூக்கினான். ஒரு பலன் இருந்திருக்க வேண்டும், கூட்டாளிகள் மெச்சுவார்கள் இல்லையா, அதுதான் பலன் என்றான். நண்பர் உடனே ஒத்துக்கொண்டார். தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று அகுஸ்தினாரே சொல்கிறார் என்று வரியைக் காட்டினார். "ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லையே. ஏன் நிறுத்தவில்லை?" சோமாலிய மாணவி, தன் பாட்டி நஃப்ஸ் என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார், மனுசனுக்குள்ளேயே இருந்துகொண்டு அவனைக் கெடுதலுக்கு இழுப்பது என்றாள். நிதியியல் பையன் திரும்பி அவளைப் பார்த்து, "அதை அளக்க முடியுமா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது, அளப்பது என் தொழில். மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நாங்கள் ஒரு கணித மாதிரியைக் கட்டுவோம். வயது, வருமானம், படிப்பு என்று காரணங்களைப் போட்டு விளக்கிவிட்டு, விளக்கத்துக்குள் அடங்காமல் மிஞ்சுவதை எச்சம் என்று ஒரு ஓரத்தில் எழுதி மேலே போவோம். அது தவறில்லை, அப்படித்தான் என் துறை வேலை செய்ய முடியும். ஆனால் அன்றைக்கு அந்த வகுப்பு முழுக்க முழுக்க எச்சத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதற்கென்று ஒரு துறை, ஆயிரத்தறுநூறு வருடத்து வாதப் பிரதிவாதங்களோடு இருக்கிறது. அதை வெட்டிவிட்டு என் பாடத்தை வைக்கச் சொன்னவள் நான்.

ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குருவும் சிந்தனையாளருமான ஜான் ஹென்றி நியூமன் இதைத்தான் 1852இல் டப்ளினில் பேசியிருக்கிறார். அயர்லாந்தில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது ஆற்றிய உரைகள். அறிவு என்பது ஒரே முழுமை, துறைகள் அதன் வெவ்வேறு பார்வைகள், ஒன்றை நீக்கினால் அந்த இடம் காலியாகக் கிடக்காது, பக்கத்துத் துறைகள் தங்கள் எல்லையைத் தாண்டி வந்து அதை நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் வாதம். உதாரணத்துக்கு அவர் எடுத்தது ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பொருளியல் பேராசிரியர் பேசிய ஒரு தொடக்க உரை. செல்வம் எப்படிப் பெருகும் என்று சொல்வதற்குப் பொருளியலுக்கு உரிமை உண்டு. செல்வம் சேர்க்கும் முயற்சிதான் பெரும்பாலான மக்களை ஒழுக்கத்தில் உயர்த்துகிறது என்று அந்தப் பேராசிரியர் சொன்னபோது, அது பொருளியலின் பேச்சாக இல்லை என்கிறார் நியூமன். மனிதனுக்கு எது நல்லது என்ற கேள்வி கேட்பாரற்று நின்றிருக்கிறது. வரப்பைத் தாண்டி வந்து அதையும் சேர்த்து உழுதுவிட்டார்கள்.

நம்மைச் சுற்றிப் பார்த்தால் எத்தனை வரப்பு காணாமல் போயிருக்கிறது! சந்தோஷம் என்றால் என்ன என்று கணக்கெடுப்புகள் சொல்கின்றன, மனிதன் என்றால் என்ன என்று மென்பொருள் கம்பெனிகள் சொல்கின்றன. என் துறைக்காரர்கள் இதில் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நியூமனின் பல்கலைக்கழகம் 1854இல் திறந்தது. மாணவர்கள் அதிகம் சேரவில்லை. நன்றாக ஓடியது சிசிலியா தெருவில் இருந்த அதன் மருத்துவப் பள்ளி. 1858இல் அவர் விலகிப்போனார். ஆனால் அந்த உரைகள் நின்றுவிட்டன. அவற்றில் இன்னொரு இடம் உண்டு, கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் விளம்பரக் கையேடுகளில் யாரும் அதை எடுத்துப் போடுவதில்லை. இந்தக் கல்வி ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று அவரே சொல்கிறார். சவரக்கத்தியால் கருங்கல் மலையை உடைக்க முடியுமா, பட்டு நூலால் கப்பலைக் கட்டிவைக்க முடியுமா, அறிவை வைத்து மனிதனின் ஆசையையும் ஆணவத்தையும் அடக்குவதும் அப்படித்தான் என்கிறார்.

இது வெறும் அடக்கத்துக்குச் சொன்ன வார்த்தை என்று நினைப்பவர்கள் இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் கல்லூரியைப் பார்க்க வேண்டும். 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போயிற்று. குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது என்று உரோமையிலிருந்து நிபந்தனை வந்திருந்தது. பிரித்தார்கள். விற்பனையை நடத்திய, சபையின் மேரிலாந்துப் பிரிவுத் தலைவர் தாமஸ் மல்லெடி அந்தக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர், உரோமையில் படித்தவர். இலக்கணம், சொல்வன்மை, மெய்யியல், இறையியல் என்று ஒரு படிகூட விடாமல் ஏறியவர். அவரை எதிர்த்த குருக்களும் இருந்தார்கள், அவர்கள் படித்ததும் அதே பாடம்தான். இதை எங்கள் குழுவில் ஒருவர் எடுத்து வைத்தபோது அறை ரொம்ப நேரம் அமைதியாக இருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. கோர் பாடத்தால் பிள்ளைகள் நல்லவர்கள் ஆவார்கள் என்று வாதாடினால், 272 பேருக்கு முன்னால் நிற்க முடியாது. பிள்ளைகள் கத்தோலிக்கர் ஆவார்கள் என்று வாதாடினால், அந்தச் சோமாலியப் பெண்ணின் முகத்தில் விழிக்க முடியாது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக 1990இல் வெளியிட்ட ஆவணமே ஒவ்வொருவருடைய மனசாட்சியின் சுதந்திரத்தையும் மதிக்கச் சொல்கிறது. அப்படியானால் எதற்காக? என்னிடம் இருக்கும் பதில் அந்த மழை நாள்தான். எல்லோரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். கேள்வி உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும். அதற்குப் பழைய, கனமான, எளிதில் மசியாத ஒரு நூல் நடுவில் இருக்க வேண்டும். தாங்கள் உண்மை என்று நம்பும் ஒன்றைப் பற்றி, நம்பாதவர்கள் முன்னால், அவர்கள் எதிர்த்துப் பேச இடம் விட்டுப் பேச ஒரு சபை முன்வருகிறது. இதற்குத் துணிச்சல் வேண்டும். எங்கள் கல்லூரி சிஸ்டர்களிடம் அன்பு நிறைய இருந்தது, எங்களை அந்த அளவுக்கு நம்பத்தான் அவர்களால் முடியவில்லை. ஓடு ஒழுக வேண்டியிருந்தது.

நடைமுறை இவ்வளவு அழகாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நண்பர் நடத்தும் வகுப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் இந்தப் பாடங்களில் பலவற்றை நடத்துவது ஒப்பந்த ஆசிரியர்கள். மூன்று கல்லூரிகளுக்கு காரில் ஓடி ஓடி, உட்கார ஒரு மேசைகூட இல்லாமல், நாற்பது பேர் வகுப்பில் விடைத்தாள் திருத்துகிறார்கள். இதுதான் எங்கள் அடையாளத்தின் இதயம் என்று மேடையில் பேசிவிட்டு, அந்த இதயத்தை இவ்வளவு குறைந்த சம்பளத்தில் ஓட்டுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மாணவி இதைத் தள்ளிவிடப் பார்த்தால், முதலில் தள்ளிவைத்தது யார் என்று நாங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் குழு என்ன செய்தது? மற்ற பல்கலைக்கழகங்களைப் பார்த்தோம். பாஸ்டன் கல்லூரியில் கோர் 15 பாடம், அதில் மெய்யியல் 2, இறையியல் 2. நோட்டர் டேமில் 2014இல் மறுஆய்வு தொடங்கியபோது இறையியல் இரண்டும் நிற்குமா என்று பெரிய கவலை எழுந்தது. 2018இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டும் நின்றன. மெய்யியலில் இரண்டாவதுக்குப் பதிலாக, கத்தோலிக்க மரபும் வேறொரு துறையும் சந்திக்கும் ஒரு பாடத்தை எடுக்க அங்கே வழி இருக்கிறது. பாஸ்டனில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு: இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரு கேள்வியை எடுத்து இரண்டு பாடமாக நடத்துவார்கள், ஒரே மாணவர் குழு இரண்டிலும் உட்காரும். அந்த மாதிரியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். விழுமியங்கள் என்று பெயர் போட்டு முப்பது பாடங்களை ஒரு கூடையில் கொட்டி, எதையாவது ஒன்றை எடுத்துக்கொள் என்று விடும் யோசனை கடைசிக் கூட்டம் வரை வந்தது. எனக்கு அது பழைய நீதி போதனைப் புத்தகமாகவே தெரிந்தது. எதிர்த்து வாக்களித்தேன். என் துறையில் சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செவிலியர் படிக்கும் மாணவிக்கு நான் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. விதிப்படி இறையியலில் ஒரு பாடத்தை வெளியே எடுக்கலாம், எடுத்துக்கொள், இரண்டாவதை மட்டும் இங்கே, எங்கள் வகுப்பில் எடுத்துப் பார் என்றேன். அந்த வகுப்பு நண்பரும் நானும் சேர்ந்து நடத்துவது. செவ்வாய்க்கிழமை நான் நிகழ்தகவு, வியாழக்கிழமை அவர் யோபு.

போன இலையுதிர் பருவத்தில் முதன்முதலாக அதை நடத்தினோம். ஐந்தாவது வாரம், ஒரு நோய் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு ஏன் வருவதில்லை என்பதைப் பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் பின்பெஞ்சில் இருந்தார். மருத்துவமனையில் பகுதிநேர உதவியாளராக வேலை பார்க்கும் ஒரு மாணவன் கேட்டான்: "ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஏன் வந்தது என்று கேட்டார். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா?"

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். பின்பெஞ்சைப் பார்த்தேன். நண்பரும் உடனே வாயைத் திறக்கவில்லை. "நீ என்ன செய்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றான் பையன்.

நண்பர் எல்லோரையும் யோபுவின் இரண்டாம் அதிகாரத்தைத் திருப்பச் சொன்னார், சிநேகிதர்கள் வந்து தரையில் உட்காரும் இடத்தை.